வடிகாலுக்கு ஆய்வு உண்டு, ஊழியருக்கு?

2024 டிசம்பர் 1ஆம் தேதி மலேசியாவில் நடைமுறைக்கு வந்த புதிய பொதுச் சேவை ஊதிய முறை, பினாங்கின் நிபோங் திபால் வட்டாரத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்தின் பேச்சிலும் இடம்பிடித்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை பாக்காப் மருத்துவமனையின் தாதி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தின் ஆய்வுக்கூட உதவியாளர், செபராங் பிறை மாநகர் மன்றத்தின் துப்புரவுப் பணியாளர் ஆகிய நால்வரும் வெவ்வேறு அமைப்புகளிடம் வேலை பார்ப்பவர்கள் என்றாலும், அவர்களுடைய சம்பளப் படி, விடுப்பு, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கான மூல விதிகள் புத்ராஜெயாவில், ஜேபிஏ என்று எல்லாரும் அழைக்கும் பொதுச் சேவைத் துறையில்தான் எழுதப்படுகின்றன. பட்டதாரி அதிகாரியின் தொடக்க கிரேடு 41 என்றிருந்தது 9 ஆயிற்று. உயர்மட்ட நிர்வாகத்தினருக்கு இரண்டு கட்டங்களில் 7 விழுக்காடும் மற்றவர்களுக்கு 15 விழுக்காடும் ஊதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. புதிய முறையை ஏற்பதா மறுப்பதா என்று ஒவ்வொருவரும் விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சுமார் 16 லட்சம் பேரின் வாழ்க்கையைத் தொடும் இத்தகைய முடிவுகளை ஆராய்வதும் கற்பிப்பதும் யார் என்று கேட்டால், கிடைக்கும் விடை சற்றே சங்கடமானது: பெரும்பாலும் அந்த முடிவுகளை எடுப்பவர்களேதாம்.

ஆள் எடுப்பது, பதவிகளை வகைப்படுத்துவது, பயிற்சி கொடுப்பது, வேலையை மதிப்பிடுவது, உயர்த்துவது, தண்டிப்பது, ஓய்வு கொடுத்து அனுப்புவது ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய துறையே பொதுத்துறைப் பணியாளர் மேலாண்மை. தனியார் நிறுவனத்தில் இதே வேலைகள் இலாபத்தை ஒட்டி நடக்கின்றன; அரசாங்கத்திலோ அவை அரசியலமைப்பையும் சட்டத்தையும் பொதுமக்களின் நம்பிக்கையையும் ஒட்டி நடக்க வேண்டியவை. மலேசிய அரசியலமைப்பின் 132ஆம் விதி பொதுச் சேவைகள் எவை என்று வரையறுக்கிறது; 136ஆம் விதி, ஒரே படிநிலையில் உள்ள கூட்டரசு ஊழியர் எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது; 139ஆம் விதி பொதுச் சேவை ஆணையத்தை நிறுவி, பினாங்கு, மலாக்கா மாநிலச் சேவைகளையும் பெயர் குறிப்பிட்டே அதன் வரம்புக்குள் கொண்டுவருகிறது; 153ஆம் விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் பதவிகளில் ஒதுக்கீடு செய்ய வழிவகுக்கிறது. இந்த விதிகளுக்கு இடையிலுள்ள இழுபறியே இத்துறையின் உயிர்நாடி. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆராய்ந்தவர்கள் மிகச் சிலர் என்பதுதான் குறை.

பெரட்டிலிருந்து பெரிந்தா அம் வரை

நிபோங் திபால் வட்டாரத்துக்கு ஆள் நிர்வாகம் அரசாங்கத்தின் வழியாக வரவில்லை. தோட்டத்தின் வழியாகவே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்லெஸ்லி மாநிலம் என்று அழைக்கப்பட்ட இப்பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர்; 1910இல் அந்த ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது; கரும்பு போய் ரப்பர் வந்த பிறகும் விடியுமுன் பெரட்டுக்கு நிறுத்தி ஆள் எண்ணுவதும், கிராணி செக்ரோலில் பெயருக்கு நேரே குறியிடுவதும், கங்காணி ஆளுக்குப் பொறுப்பேற்பதும் தொடர்ந்தன. வருகைப் பதிவு, நாள்கூலிக் கணக்கு, மேற்பார்வை, தண்டனை என்று பிற்கால அலுவலகங்களில் காணப்படும் உறுப்புகள் எல்லாம் அந்தச் செக்ரோல் புத்தகத்திலேயே இருந்தன. ஆனால் தகுதிக்கேற்ற உயர்வு என்ற உறுப்பு அதில் அறவே கிடையாது. மரம் வெட்டிய கை பெரும்பாலும் மரம் வெட்டியபடியே ஓய்ந்தது.

குடியேற்ற அரசு மேல்தட்டுக்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தது. மலாயா சிவில் சர்வீஸில் சேர்ந்த ஆங்கிலேயப் பயிற்சி அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழித் தேர்வுகள் கட்டாயமாக இருந்தன. தொழிலாளர் துறையில் பணியாற்றவிருந்த சிலர் தமிழ் கற்பதற்கென்றே சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத் தொழிலாளியின் குறையை அவனுடைய மொழியிலேயே கேட்கத் தெரிந்திருப்பது ஓர் அரசு அதிகாரிக்கு வேண்டிய தகுதி என்று அன்றைய ஆட்சி, தன் சொந்த நலனுக்காகவேனும், கருதியது. இன்றைய பயிற்சித் திட்டங்களை வகுப்பவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

1934இல் ஏற்பட்ட மலாயா பணியமைப்பு அலுவலகம் பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 1968இல் பொதுச் சேவைத் துறை ஆனது. அது கையாளும் விதித்தொகுப்பு 'பெரிந்தா அம்' எனப்படும் பொதுக் கட்டளைகள்: நியமனமும் பதவி உயர்வும் ஓர் அத்தியாயம், படிகள் ஓர் அத்தியாயம், விடுப்பு ஓர் அத்தியாயம், நடத்தை ஓர் அத்தியாயம், வேலை நேரமும் கூடுதல் நேரமும் ஓர் அத்தியாயம் என்று அரசாங்க ஊழியரின் பணிக்காலம் முழுவதும் அதில் வகுக்கப்பட்டுள்ளது. அதன்மேல் ஆண்டுதோறும் சுற்றறிக்கைகள் வந்து படிகின்றன. மாவட்ட அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் உட்காரும் குமாஸ்தா கற்றுக்கொள்வது மேலாண்மையை அன்று, சுற்றறிக்கையின் எண்ணையும் ஆண்டையும். அது இழிவான கல்வி அன்று. சம்பளம் தவறாமல் வருவதற்கு அந்தக் கல்விதான் காரணம். ஆனால் 'இந்த விதி ஏன்?' என்று கேட்க அது யாரையும் பழக்குவதில்லை.

1966இன் அறிக்கை

அந்தக் கேள்வியை முதன்முதலில் முறையாக எழுப்பியது 1966இல் ஜான் மான்ட்கோமரி, மில்டன் எஸ்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் மலேசிய அரசுக்கு அளித்த அறிக்கை. ஒழுங்கைக் காத்து வரி திரட்டுவதற்காக அமைந்த நிர்வாகம், நிலம் திருத்தவும் பள்ளி கட்டவும் தொழில் வளர்க்கவும் போதாது என்பதும், அதற்கேற்ற ஆட்களை உருவாக்கும் பயிற்சியும் பணியாளர் நிர்வாகமும் தொழில்முறைத் தரத்தை எட்ட வேண்டும் என்பதும் அதன் சாரம். இதைத்தான் அக்காலத்தில் 'வளர்ச்சி நிர்வாகம்' என்றார்கள். பிரதமர் துறையில் வளர்ச்சி நிர்வாகப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகராக எஸ்மன் அதனுடன் பணியாற்றி, அந்த அனுபவத்தை 1972இல் நூலாகவும் எழுதினார். 1959இல் போர்ட் டிக்சனில் சிறியதாகத் தொடங்கிய அரசு ஊழியர் பயிற்சி நிலையம், 1972இல் இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகமாக விரிந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார, நிர்வாகப் புலம் பொது நிர்வாகப் பாடத்தைக் கற்பித்தது. 1969இல் பினாங்கில் தோன்றிய பல்கலைக்கழகம், இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தன் சமூக அறிவியல் பள்ளியில் அதற்கு இடம் கொடுத்தது. 1984இல் கெடாவில் உருவான மலேசிய வடக்குப் பல்கலைக்கழகம் மேலாண்மையையே தன் சிறப்புத் துறையாக வரித்துக்கொண்டது.

ஏட்டளவில் இது குறைவற்ற ஏற்பாடுதான். ஆயினும் நாளடைவில் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்தான் பொதுச் சேவைத் துறையின் பயிற்சிப் பிரிவாகவே இயங்குகிறது. நிர்வாக, அரசதந்திரச் சேவையில் சேரும் இளம் அதிகாரி அங்கேதான் பட்டப்பின் டிப்ளோமா பெற்று வெளியேறுகிறார். வட மாநிலங்களில் பணியாற்றுவோர் குறுகிய காலப் பயிற்சிகளுக்குச் சுங்கை பட்டாணியில் உள்ள அதன் வட்டாரக் கிளைக்குப் போகிறார்கள். வேலை கொடுப்பவர், விதி எழுதுபவர், கற்பிப்பவர், தேர்வு வைப்பவர் ஆகிய நான்கு வேடங்களையும் ஒரே துறை பூணும்போது, கற்பித்தல் விதிகளுக்கு விளக்கவுரை சொல்வதாகச் சுருங்குவது இயல்பு. இந்தானின் கட்டொழுங்கையும் அது உருவாக்கிய அதிகாரிகளின் செயல்திறனையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தன்னையே எதிர்த்துக் கேள்வி கேட்கும் மாணவனை ஒரு துறை தானே வளர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. அந்த வேலை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

மேலே மட்டும் பார்த்த கண்

பல்கலைக்கழக ஆய்வுகளில் தரமானவை இல்லாமல் இல்லை. ராபர்ட் டில்மன் 1964இல் எழுதிய நூல், குடியேற்ற அதிகாரவர்க்கம் சுதந்திர நாட்டின் அதிகாரவர்க்கமாக மாறிய விதத்தை ஆராய்ந்தது. பிற்காலத்தில் கெடா விவசாயிகளைப் பற்றிய ஆய்வால் உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஸ்காட், தம் முதல் நூலை மலேசிய உயர் அதிகாரிகள் 17 பேரிடம் நடத்திய நீண்ட நேர்காணல்களைக் கொண்டே 1968இல் எழுதினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மேவிஸ் புதுச்சேரி 1978இல் வெளியிட்ட நூல், அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் எப்படித் தாங்கினர் என்பதைக் காட்டியது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் லிம் ஹொங் ஹாய், அரசுப் பணியில் இனப் பிரதிநிதித்துவத்தைப் பற்றி 2007இல் எழுதிய கட்டுரை இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. 'பிரதிநிதித்துவ அதிகாரவர்க்கம்' என்பது 1944இல் டொனால்ட் கிங்ஸ்லி புழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து. சமுதாயத்தின் பல பிரிவினரும் அரசுப் பணியில் தக்க அளவில் இருந்தால்தான் அரசு எல்லாருக்கும் உரியதாகும் என்பது அதன் பொருள்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1969–70 காலத்தில் அரசுப் பணியில் ஏறத்தாழ 17 விழுக்காடாக இருந்த இந்தியர் பங்கு 2005இல் 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டியதாகச் சுருங்கியது. இதற்கு, மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை அளித்த புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிந்திய ஆளெடுப்பை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். அது பெரிய காரணம்தான், ஆனால் தனிக் காரணம் அன்று. இந்தியர் செறிந்திருந்த அரசுத் துறைகள் எவை என்று பார்க்க வேண்டும்: ரயில்வே, மின்சாரம், தொலைபேசி, பொதுப்பணி, மருத்துவமனை, நகராட்சி. தொலைபேசித் துறை 1987இலும், மின்சார வாரியம் 1990இலும், ரயில்வே 1992இலும் நிறுவனங்களாக மாற்றப்பட்டன. அரசு மருத்துவமனைகளின் துப்புரவும் சலவையும் 1997இல் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயின. ஆட்கள் அதே கட்டடத்தில் அதே தரையைக் கூட்டினார்கள்; அரசு ஊழியர் கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை. மேல்தட்டு அதிகாரிகளை நேர்காணும் ஆய்வுமுறை இந்த மாற்றத்தைக் காணவே முடியாது, ஏனென்றால் அது நடந்தது மாடிப்படிக்குக் கீழே.

பணியாளர் மேலாண்மையின் மிகக் கூர்மையான கேள்விகளை எழுப்பியவர்களும் அந்தக் கீழ்த்தளத்தைச் சேர்ந்தவர்களே. 1962 டிசம்பரில் தொடங்கி மூன்று வாரம் நீடித்த ரயில்வே வேலைநிறுத்தம், நிபோங் திபால் வழியாக ஓடும் மேற்குக்கரைப் பாதையையும் முடக்கியது. அதன் மையக் கோரிக்கை நாள்கூலியாக இருந்தவர்களை மாதச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும் என்பது. நாள்கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் கணக்கு வேறுபாடு அன்று: முன்னவர் 'ஆள்', பின்னவர் 'ஊழியர்'. பதவி வகைப்பாடு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸுக்கு ரகுநாதன், சிவசுப்ரமணியம் போன்ற தமிழர்கள் தலைமை தாங்கியிருக்கிறார்கள். சம்பள ஆணையங்களின் முன் அச்சங்கங்கள் அளித்த மனுக்களைத் திரட்டினாலே ஒரு முனைவர் பட்டத்துக்கு வேண்டிய மூலம் கிடைத்துவிடும்.

ஊதியச் சீர்திருத்தங்களையே எடுத்துக்கொண்டால், அவை ஒவ்வொன்றும் நாடு தழுவிய ஒரு பரிசோதனை. 1992இன் புதிய ஊதிய முறை சம்பளத்தைப் படிக்கட்டாக வைக்காமல் கட்டங்கள் கொண்ட அட்டவணையாக மாற்றி, ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டைப் பொறுத்து நான்கு வழிகளை வகுத்தது: உயர்வே இல்லாமல் நிற்பது, வழக்கம்போல் கிடையாக ஒரு கட்டம் நகர்வது, செங்குத்தாக மேல் வரிசைக்கு ஏறுவது, மேலேறிக்கொண்டே குறுக்காக முன்னேறுவது. கடைசி இரண்டும் மிகச் சிலருக்கே கிடைத்தன. எனவே மதிப்பெண் போடும் மேலதிகாரியின் பேனா ஒவ்வோர் அலுவலகத்திலும் மனக்கசப்புக்கு ஊற்றாயிற்று. 2002இல் வந்த மலேசிய ஊதிய முறை, மேலதிகாரியின் பேனாவை மட்டும் நம்பாமல் பிடிகே எனப்படும் திறன்நிலைத் தேர்வைப் புகுத்தியது. நாற்பது ஐம்பது வயதினரும் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதாயிற்று. அதுவும் 2011இல் கைவிடப்பட்டது. 2012இன் தொடக்கத்தில் அமலான இன்னொரு முறை, உச்சியில் இருப்பவர்களுக்கே வாரிக் கொடுக்கிறது என்ற எதிர்ப்பால் அதே ஆண்டு மார்ச்சில் இரத்தானது. மதிப்பீடா, தேர்வா, பணிமூப்பா என்ற பழைய கேள்விக்கு விடை காண 20 ஆண்டுகளில் மூன்று வழிகள் முயலப்பட்டன. எது வேலையின் தரத்தை உயர்த்தியது, எது பொறாமையை மட்டும் வளர்த்தது என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஆய்வு பொதுமக்கள் கைக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக, ஆசிரியர்களிடம் ஐந்து விடைகள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்துப் பணி மனநிறைவை அளக்கும் பட்டப்படிப்பு ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் பெருகிக் கிடக்கின்றன. வினாத்தாள் எளிது, கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் கடினம்.

வளாகத்தின் வடிகால்

நிபோங் திபாலில் உள்ள பொறியியல் வளாகம் 2001இல் பேராவிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. அதன் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம், அரசின் நீர்ப்பாசன, வடிகால் துறையுடன் சேர்ந்து வளாகத்தின் வடிகால் அமைப்பையே ஆய்வுக்களமாக்கியது: கான்கிரீட் கால்வாய்க்குப் பதிலாகப் புல்வெளிப் பள்ளங்கள், மண்ணுக்கடியில் நீர் செல்லும் அறைகள், தேக்கக் குளங்கள், சதுப்பு நிலம் என்று மழைநீரை விரட்டாமல் தங்கவைத்து விடும் முறை 2003இல் அங்கே தொடக்கம் கண்டது. அரசு வடிகாலின் குறையை ஒப்புக்கொண்டது, பல்கலைக்கழகத்தை அளந்து பார்க்க விட்டது, கிடைத்த முடிவை நாட்டின் வடிகால் வழிகாட்டி நூலோடு இணைத்தது. ஆய்வும் ஆட்சியும் இணைந்து செயல்படுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே அரசு, அந்த வடிகாலைப் பராமரிக்கும் ஆட்களின் நியமனத்தையும் மதிப்பீட்டையும் உயர்வையும் அதே திறந்த மனத்தோடு அளக்க விட்டதில்லை.

இதன் விளைவு அந்த வளாகத்திலிருந்து வெளியேறும் பொறியாளரின் வாழ்விலேயே தெரியும். பொதுப்பணித் துறையிலோ வடிகால் துறையிலோ சேரும் இளைஞர் சில ஆண்டுகளில் தொழில்நுட்ப உதவியாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மேலதிகாரி ஆகிறார். அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் மதிப்பெண் போடுகிறார். ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை எழுதுகிறார். பொறியியல் பட்டத்துக்கான தர அங்கீகாரம் திட்ட மேலாண்மையையும் நிதியையும் கேட்கிறதே தவிர, அரசு ஊழியர் விதிகளையோ நேர்மையான மதிப்பீட்டு முறையையோ கேட்பதில்லை. பாலம் கட்டும் கணக்குக்கு நான்கு ஆண்டு படித்தவர், ஒரு மனிதரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் கணக்கை வேலையில் சேர்ந்த பிறகே பழகுகிறார். மேலாண்மைப் பாடத்தை மேலாண்மை மாணவர்களோடு நிறுத்திவிட்டதன் பலன் இது.

ஆசிரியர்களின் நிலை வேறு வகையானது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் சில நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி, பைரம் பகுதிகளில் உள்ளன. அரசுப் பணியில் இருக்கும் இளந்தமிழர்களில் கண்ணுக்குத் தெரியும் கூட்டம் ஆசிரியர்களே. முதல் நியமனம் ஜொகூரிலோ சிலாங்கூரிலோ அமைந்துவிட்டால், சொந்த ஊர் திரும்ப இ-ஜிதுக்கார் எனப்படும் இணையவழி இடமாற்ற விண்ணப்பத்தை ஆண்டுதோறும் நிரப்பிக் காத்திருக்க வேண்டியதாகிறது. கணவர் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர், பிள்ளை பாட்டி வீட்டில் என்ற ஏற்பாட்டின் செலவை எந்த ஊதியச் சீர்திருத்தமும் கணக்கில் எடுத்ததில்லை. தமிழ்மொழிக் கல்வி போன்ற சிறு வகைப் பதவிகளில் வெற்றிடமும் ஆளும் ஒன்றுக்கொன்று பொருந்துவது எவ்வளவு அரிது என்பது கணித மாதிரிகளால் ஆராயத்தக்க ஒரு சிக்கல். அத்தகைய மாதிரிகள் பொறியியல் வளாகத்துக்கே கைவந்த கலை. 2022 முதல் கல்வி அமைச்சராக இருக்கும் ஃபட்லினா சிடேக் நிபோங் திபாலின் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால், இந்த ஆய்வை வேண்டுபவர்கள் கதவைத் தட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

உள்ளாட்சியில் ஆய்வுக்கான வாய்ப்பு இன்னும் அருகில் இருக்கிறது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் மேற்கு மலேசியாவின் உள்ளாட்சி மன்றங்களை ஆராய்ந்தது. அதன் அறிக்கைக்கு ஈடாக இன்னொன்று பிறகு எழுதப்படவில்லை. செபராங் பிறையின் மூன்று மாவட்ட மன்றங்கள் 1974இல் ஒன்றாக்கப்பட்டு, 1976இல் நகராண்மைக் கழகமாகி, 2019இல் மாநகர் மன்றமாயின. திடக்கழிவு மேலாண்மைக்கான 2007ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால், துப்புரவு இங்கே உள்ளாட்சியின் பொறுப்பாகவே நீடிக்கிறது. ஒப்பந்தத்துக்குப் போன மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளருக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த களம் இது. 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்தோடு சேர்ந்து, வரவுசெலவுத் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வாறு பயன்படுகிறது என்று வெளியாரைப் பார்க்கவிட்ட பழக்கமும் இம்மன்றத்துக்கு உண்டு.

பினாங்கு சட்டமன்றம் 2010இல் நிறைவேற்றிய தகவல் உரிமைச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜேபிஏயின் கோப்புகள் அதன் வரம்புக்குள் வாரா. மாநிலத் துறைகளின் கோப்புகளும் உள்ளாட்சி மன்றத்தின் கோப்புகளும் வரும். நிபோங் திபாலில் படிக்கும் மாணவரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, தொழிற்சங்கச் செயலாளரோ அந்தப் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி, மன்றத்தில் நிரந்தரப் பணியில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், பத்தாண்டுகளாக ஒரே கிரேடில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்கள் முன்வரும்வரை காத்திராமல், அந்த முதல் விண்ணப்பத்தை வாசகர்களே எழுதிப் போடட்டும்.